வளர்ச்சியை முன்னிட்டு ஏற்றுமதி நிறுத்தம்

ஒரு நாடு முன்னேறுகிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளியே போய்ப் பார்ப்பது. அதற்கு வெயிலில் நடக்க வேண்டும். இன்னொன்று, பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதை மின்விசிறிக்குக் கீழே இருந்தபடியே செய்துவிடலாம் என்பதால், அரசாங்கம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, வணிகத் துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒப்பீட்டுப் பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. அதில் காகிதப் பொருள்களுக்கான மேசை என்னுடையது.

பெரிய வேலை ஒன்றுமில்லை. நோட்டுப் புத்தகம், கடித உறை, காகிதப் பை, காகிதத் தட்டு என்று கப்பலேறிப் போகிற சரக்கையெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கன்டெய்னர் கணக்கில் கூட்டி ஒரு படிவத்தில் எழுத வேண்டும். படிவத்தில் இரண்டே கட்டம். இடது பக்கம் நாம். வலது பக்கம் எதிர்க்கரை நாடு. நமக்கும் அதற்கும் நடுவில் கொஞ்சம் கடல்தான். நம்மைப் போலவே அதுவும் வளரும் நாடு; நம்மைப் போலவே ரொம்ப காலமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. பதினோரு வருஷம் அந்தப் படிவத்தை நிரப்பினேன். ஒரு ஆளும் படித்ததில்லை. எனக்கும் நிம்மதி, நாட்டுக்கும் நிம்மதி.

அப்படியே போயிருக்கலாம். ஒரு நாள் காலை, நாளிதழ் ஒன்றில் முதல் பக்கத்துக்கு வரவேண்டிய விளம்பரம் வராமல் போய்விட்டது. காலியாகக் கிடந்த இடத்தில் எவரோ என் படிவத்தைப் பெட்டி கட்டிப் போட்டுவிட்டார். 'காகிதப் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி: எதிர்க்கரை 300 சதவீதம். நாம் 4 சதவீதம்.'

பத்து மணிக்கு அமைச்சர் இயக்குநரைப் போனில் பிடித்தார். பத்தேகாலுக்கு இயக்குநர் என்னைப் பிடித்தார். எங்கள் இயக்குநர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். நினைக்கிற வேலையையே பெரும்பாலும் அடுத்தவர்களிடம் கொடுத்துவிடுவார்.

"என்னய்யா இது? முந்நூறு எங்க, நாலு எங்க? மானம் கப்பலேறுது."

"சார், போன காலாண்டுல அவங்க அனுப்பினது ஒரே ஒரு கன்டெய்னர். இந்தக் காலாண்டுல நாலு. அதான் முந்நூறு சதவீதம். நாம முதல்ல ஆயிரம் அனுப்பினோம், இப்ப ஆயிரத்து நாப்பது. அவங்களோட மொத்தமே நாலு சார். நமக்குக் கூடினதே நாப்பது."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"இதை அப்படியே அமைச்சர்கிட்ட சொல்லலாங்கறியா?"

"தாராளமா சொல்லலாம் சார்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அவங்க வளர்ற நாடு, நாம விளக்கம் சொல்ற நாடுன்னு ஆயிடும்."

விளக்கம் சொல்வதற்குப் பதிலாக ஓர் ஆலோசகரை நியமித்தார்கள். பட்டன் போடாத கோட்டும் சாக்ஸ் இல்லாத ஷூவுமாக வந்து இறங்கினார். என்ன கேட்டாலும் திரையில் ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டுவார். எல்லா அம்பும் இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்குப் போகும். அதனால் அவருக்கு அம்புக்குறியார் என்று பெயர் வைத்தோம். வந்த முதல் நாளே, உட்கார்ந்திருக்கும் நாடுகள் வளர்வதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லி, மூன்றாவது மாடியிலிருந்த நாற்காலிகள் அத்தனையையும் எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் பெரிய நிறுவனங்களில் அதுதான் மோஸ்தராம். அன்றிலிருந்து நாங்கள் மேசையில் முழங்கையை ஊன்றி நின்றபடி நாட்டை ஒப்பிட்டோம். இயக்குநருக்கு வெரிகோஸ் நரம்பு. பாவம், வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது நாள் அம்புக்குறியார் எங்களைச் சுற்றி நிறுத்திவைத்துக்கொண்டு கேட்டார்.

"எதிர்க்கரைக்கு முந்நூறு சதவீதம் எப்படி வந்தது?"

"அதுக்கு முன்னாடி ரொம்பக் கம்மியா அனுப்பினாங்க. அதனால வந்தது" என்றேன்.

"பாத்தீங்களா! பதில் உங்க கையிலயே இருக்கு. நீங்க முன்னாடி ரொம்ப அதிகமா அனுப்பிட்டீங்க. அடித்தளம் பெருசாயிடுச்சு. அதான் உங்க வியாதி. இந்தக் காலாண்டுல அடித்தளத்தைக் குறைங்க. அடுத்த காலாண்டுல வளர்ச்சி பிச்சுக்கிட்டுப் போகும்."

"எவ்வளவு குறைக்கணும்?" என்றார் இயக்குநர்.

"நாட்டுப்பற்று இருக்கிற அளவுக்கு."

இயக்குநருக்கு நாட்டுப்பற்று அதிகம். முழுசாகவே குறைத்துவிடுவது என்று முடிவானது. காலாண்டு பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதல் கப்பல் ஐந்தாம் தேதி. அதனால் மூன்றாம் தேதியே ஆணை தயாராகிவிட்டது. டைப் அடித்தவன் நான்தான். 'நாட்டின் காகிதப் பொருள் ஏற்றுமதியில் துரிதமானதும் நிலையானதுமான வளர்ச்சியை எய்தும் பொருட்டு, அப்பொருள்களின் ஏற்றுமதி இக்காலாண்டு முழுமைக்கும் இதனால் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஏற்றுமதியாளர்கள் இவ்வளர்ச்சிக்குத் தங்கள் முழு ஒத்துழைப்பை நல்கிடக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' பிழையில்லாமல் அடித்திருந்தேன். இயக்குநர் தட்டிக்கொடுத்தார். கையெழுத்தாகி, பதினான்கு பிரதி போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

என் அக்கா காகிதப் பை செய்கிறவள். பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஒரு காலத்தில் செருப்புக் கம்பெனி இருந்த கொட்டகையில் அவளுடைய பட்டறை. இருபத்து மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தி மடிப்பாள், ஒருத்தி ஒட்டுவாள், ஒருத்தி கைப்பிடிக் கயிறு கோப்பாள். எட்டு வருஷமாக இடையில் ஒரு தரகர் வாங்கி அவர் பெயரில் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். இந்த முறைதான் வெளிநாட்டுத் துணிக்கடைக்காரர் ஒருவர் நேரடியாக அக்காவிடம் கேட்டிருந்தார். எண்பதாயிரம் பை. ஒரு கன்டெய்னர் நிறைய. இது சரியாகப் போனால் வருஷம் முழுக்க ஆர்டர். சரியாகப் போகாவிட்டால் எதிர்க்கரையில் இருக்கிற ஒரு பைக்காரரிடம் போய்விடுவார். அந்த எதிர்க்கரைக்காரர், அக்கா யோசித்து யோசித்துச் செய்த கைப்பிடி முடிச்சை அப்படியே காப்பி அடித்தவர். அவர் பேச்சை எடுத்தாலே அக்காவுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும்.

அந்தக் கன்டெய்னர் ஏற்றுமதிக்கு வேண்டிய ஏழு கையெழுத்தும் வாங்கி, சீல் வைத்து, துறைமுக வாசலில் நின்றுகொண்டிருந்தது. என் ஆணை அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் அக்கா மூன்றாவது மாடிக்கு வந்தாள். உட்கார இடம் தேடினாள். நாற்காலி இல்லை என்றதும், இயக்குநர் அறையில் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இயக்குநர் தலைக்குமேல் நின்றபடி பேச வேண்டியதாயிற்று.

"சார், என் சரக்கை எதுக்கு நிறுத்தினீங்க?"

"ஏற்றுமதியை வளர்க்கறதுக்கும்மா."

"வாசல்ல நிக்கற வண்டியை உள்ள விட்டா வளராதா?"

"விட்டா இப்ப போயிடும். இப்ப போனா அடித்தளம் ஏறிடும். ஏறினா அடுத்த காலாண்டுல வளர்ச்சி குறையும். நீங்களே சொல்லுங்க, வளர்ச்சி குறையறதுக்கு நீங்க காரணமா இருக்கலாமா?"

"அதுவரைக்கும் என் பொண்ணுங்க இருபத்து மூணு பேரும் என்ன பண்ணுவாங்க? காகிதத்தை மென்னு தின்பாங்களா?"

"மூணே மாசம்தாம்மா. அப்புறம் பாருங்க, உங்க ஒவ்வொரு பையும் ஒரு சாதனையா இருக்கும்."

"கடைக்காரர் அதுவரைக்கும் இருப்பாரா? எதிர்க்கரையில ஒருத்தன் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறான் சார்."

எதிர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் இயக்குநர் முகம் கடுமையாகிவிட்டது. "அவங்களைத் தோக்கடிக்கத்தாம்மா இவ்வளவும்" என்றார்.

அக்கா எழுந்தாள். வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். "இந்த ஆணையை எந்தப் புண்ணியவான்டா எழுதினான்?" என்று கேட்டாள். மேலிடத்திலிருந்து வந்தது என்றேன். நாற்பத்தாறு வயதில் அக்காவிடம் பொய் சொன்னபோது கூசத்தான் செய்தது. அவள் அந்தத் துணிக்கடைக்காரரிடம் போனில் கெஞ்சிக் கூத்தாடி, காலாண்டின் கடைசித் தேதிக் கப்பல் வரைக்கும் தவணை வாங்கினாள். அதற்குமேல் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஏற்றுமதி நின்றது. மற்ற முதலாளிகள் துறைமுகத்துக்கு வாடகை கட்டி மாளாமல் சரக்கைத் திருப்பி எடுத்துப்போனார்கள். அக்கா மட்டும் எடுக்கவில்லை. தினமும் காலையில் துறைமுக வாசலுக்குப் போய், தன் கன்டெய்னர் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வருவாள். வங்கியில் அடகு வைத்த வளையல் ஒன்றிரண்டு அல்ல. பெண்களில் ஒருவரையும் அவள் நிறுத்தவில்லை.

இதற்குள் செய்தி கடல் தாண்டிவிட்டது. நாம் ஏதோ பெரிதாகத் தயாராகிறோம் என்று எதிர்க்கரையில் பயந்துபோனார்கள். அங்கேயும் ஓர் ஒப்பீட்டுப் பிரிவு உண்டு. அதில் அவர்கள் இடது பக்கம், நாம் வலது பக்கம். பத்தே நாளில் அவர்களும் தங்கள் நாலு கன்டெய்னரையும் நிறுத்திவிட்டார்கள். அமைச்சருக்குத் தூக்கம் போயிற்று. சரிவில் யார் முந்தி என்று கேட்டு ஆள் அனுப்பினார். இரண்டு பேருமே நூறு சதவீதம் சரிந்திருந்தோம்.

இயக்குநர் இதற்கு ஓர் அறிக்கை தயாரித்தார். நின்றபடியே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "அவங்க விழுந்தது நாலுலேருந்து. நாம விழுந்தது ஆயிரத்து நாப்பதுலேருந்து. விழறதுல நம்மளை அடிச்சுக்க ஆளே இல்லை. இதைக் கொஞ்சம் மரியாதையான வார்த்தையில எழுதுய்யா." எழுதினேன். மாலை டி.வி.யில் நான்கு பேர் உட்கார்ந்து அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். எங்கள் தெரு முடிதிருத்துகிறவர்கூட என் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு, "நம்ம ஆளுங்க இறங்கிட்டா இறங்கினதுதான் சார்" என்றார். நான் தலையை ஆட்டவில்லை. கத்தி இருந்தது.

காலாண்டு முடிய மூன்று நாள் இருந்தபோது இயக்குநர் என்னை அழைத்து, அடுத்த காலாண்டின் வெற்றிச் செய்தியை இப்போதே தயாரித்து வைக்கச் சொன்னார். ஆயிரம் கன்டெய்னர் போகிறது என்று வைத்துக்கொண்டு எத்தனை சதவீதம் வரும் என்று கணக்குப் போடச் சொன்னார். போட்டேன். கால்குலேட்டர் 'பிழை' என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் பிழை. இயக்குநர் தன் கால்குலேட்டரைக் கொடுத்தார். அதுவும் அதையே சொன்னது. பேட்டரியை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சார், அடித்தளம் பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்க முடியாது."

"யார் சொன்னது? எந்த ஆணை?"

"ஆணை எல்லாம் இல்ல சார். அஞ்சாம் வகுப்புலயே சொல்லிக்கொடுத்துட்டாங்க."

அம்புக்குறியாரை வரவழைத்தார்கள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அருமை! எல்லையில்லாத வளர்ச்சி. உலகத்துல எவனுக்கும் இது கிடையாது" என்றார். இயக்குநர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை நான்தான் அணைத்தேன்.

"எதிர்க்கரையும் பூஜ்யம்தானே சார். அவங்களுக்கும் அதே எல்லையில்லாத வளர்ச்சி வந்துடுமே."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் நின்றோம். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தோம். இப்போது அது தெரிந்தது.

"ரெண்டு பேரும் சமம்னு ஆயிட்டா..." என்றார் இயக்குநர். குரல் உடைந்துவிட்டது. "அப்புறம் நம்ம பிரிவு எதுக்கு?"

ஒரு கன்டெய்னராவது போயே தீரவேண்டும் என்று ஆயிற்று. மூன்று நாளில். ஆனால் புதிதாக ஒரு சரக்குக்கு ஏழு கையெழுத்து வாங்கப் பத்தொன்பது நாள் ஆகும். அவசரம் என்று மேலே எழுதினால் இருபத்து நான்கு நாள். நாடு முழுக்கத் தேடினார்கள். ஏழு கையெழுத்தும் வாங்கி, சீல் உடையாமல், துறைமுகத்தை விட்டு நகராமல் இருந்த சரக்கு ஒன்றே ஒன்றுதான். அது யாருடையது என்று இயக்குநர் கேட்டபோது நான் முகட்டைப் பார்த்தேன்.

இயக்குநர் நேரில் வந்தார், பட்டறைக்கு. அக்கா ஒரு பெஞ்சைக் காட்டினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்த மனிதர், அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். சுற்றிலும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன சார், வளர்ச்சி எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"அம்மா, நாட்டுக்கு நீங்க ஒரு உதவி பண்ணணும். உங்க சரக்கை அனுப்பணும்."

"இதைத்தானே மூணு மாசமா நான் கேக்கறேன்."

"முழுசா இல்லம்மா. ஒரு பை. ஒரே ஒரு பை மட்டும். அடித்தளம் எவ்வளவு சின்னதா இருக்கோ, அவ்வளவு நல்லது."

அக்கா சிரிக்கவில்லை. "எண்பதாயிரம் கேட்ட மனுஷனுக்கு ஒரு பை அனுப்பினா என்னைப் பைத்தியம்னு சொல்ல மாட்டாரா?"

பசை போடுகிற அம்மா, பட்டறையிலேயே வாய் நீளமானவள், இடையில் புகுந்தாள். "அந்த ஒரு பைக்குள்ள மீதிப் பையை எல்லாம் போட்டு அனுப்பலாமா சார்?"

இயக்குநர் இதைத் தீவிரமாக யோசித்தார். "விதியில இடம் இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

"பாக்கவே வேணாம்" என்றாள் அக்கா. "போனா எண்பதாயிரமும் போகணும். இல்லேன்னா ஒண்ணும் போகாது. நீங்க உங்க பூஜ்யத்தைக் கட்டிக்கிட்டுப் போங்க."

இயக்குநர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆணையை டைப் அடித்த கை குறுகுறுத்தது. சொன்னேன்.

"சார், நம்ம படிவம் கன்டெய்னர் கணக்கு. ஒரு பைன்னா, பூஜ்யம் புள்ளி போட்டு அப்புறம் நாலு பூஜ்யம் போட்டு நூத்தி இருபத்தஞ்சுன்னு எழுதணும். நம்ம கட்டம் அவ்வளவு அகலம் இல்ல. படிவத்தை மாத்தணும்னா மூணு துறை ஒப்புதல் வேணும். முழுக் கன்டெய்னரும் போச்சுன்னா, ஒண்ணுன்னு எழுதினா முடிஞ்சுது."

"ஒண்ணு" என்றார் இயக்குநர். வாயில் போட்டுச் சப்பிப் பார்ப்பதுபோல் மறுபடி சொன்னார். "ஒண்ணு. கச்சிதமா இருக்கே."

கடைசி நாள் காலை பதினொரு மணிக்குத் துறைமுக வாசல் திறந்தது. வேன் பிடித்து இருபத்து மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். கிரேன் கன்டெய்னரைத் தூக்கியபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் அப்பா போன அன்றுகூட அழாதவள் அன்றைக்கு அழுதாள். நான் எழுதிய ஆணைகளிலேயே எழுதாமல் விட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. இயக்குநர் கன்டெய்னருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகவே முடித்திருப்பேன்.

புதுக் காலாண்டின் முதல் நாள் கூட்டத்தில் நான்தான் அவசரக் குடுக்கையாக வாயைத் திறந்தேன். "சார், இனிமே தடையை எடுத்துடலாம். ஆயிரம் போனாகூடத் தொண்ணூத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் சதவீதம் வரும்."

"பத்திரிகைப் பெட்டியில மூணு இலக்கம்தான் பிடிக்கும்" என்றார் அம்புக்குறியார்.

"அப்ப பத்து கன்டெய்னர் விடலாம். தொள்ளாயிரம் சதவீதம்."

இயக்குநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒன்றிலிருந்து வந்த ஞானம் அவர் முகத்தில் குடியேறியிருந்தது. "இப்ப பத்து. அதே வேகத்துல அடுத்ததுல நூறு. அதுக்கடுத்து ஆயிரம். அதுக்கும் அடுத்து?"

"பத்தாயிரம். அது நம்மால முடியாது சார். நாட்டுல அவ்வளவு காகிதம் கிடையாது."

"அப்ப வளர்ச்சி நின்னுபோயிடும். என் சர்வீஸ் முடியறதுக்குள்ளயே நின்னுபோயிடும். எல்லா வளர்ச்சியையும் நாமளே தின்னுட்டா, பின்னால வர்றவங்க எதை வெச்சு வளருவாங்க? சிக்கனமா செலவு பண்ணணும்யா."

இப்படிப் பிறந்ததுதான் இரட்டிப்புத் திட்டம். இந்தக் காலாண்டில் இரண்டு கன்டெய்னர். அடுத்ததில் நாலு. அப்புறம் எட்டு. ஒவ்வொரு முறையும் நூறு சதவீதம். அசைக்க முடியாத வளர்ச்சி. இப்படியே போனால் பத்தாவது காலாண்டில், அதாவது இரண்டரை வருஷத்தில், ஆயிரத்து இருபத்து நாலு கன்டெய்னர். முன்பு அனுப்பிக்கொண்டிருந்ததைவிடப் பதினாறுதான் குறைவு. அமைச்சர் இதைக் கேட்டுக் கண்கலங்கியதாகச் சொன்னார்கள். எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். எதிர்க்கரையும் கடைசி நாளில் எப்படியோ ஒன்றை அனுப்பிவிட்டு, நம்மைப் பார்த்து அங்கேயும் ஓர் இரட்டிப்புத் திட்டம் கொண்டுவந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் மூன்றாவதாக ஒரு நாடு இருக்கிறது. நம் சரக்கையும் எதிர்க்கரைச் சரக்கையும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். இயக்குநரிடம் சொன்னேன்.

"அந்த நாடு நம்ம படிவத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"படிவத்துலயே இல்லாத நாடு நம்மளை எப்படிய்யா ஜெயிக்கும்?" என்று சிரித்துவிட்டு, இரண்டு கன்டெய்னரை யாருக்குக் கொடுப்பது என்கிற கோப்பை என் பக்கம் தள்ளினார்.

ஒரு கன்டெய்னர் அமைச்சரின் மச்சானுக்கு. இன்னொன்று அம்புக்குறியாரின் மாமனாருக்கு. அவர் காகிதத் தொழிலில் அந்த வாரம்தான் இறங்கியிருந்தார். மற்றவர்களுக்கு வரிசை. சமநீதியை முன்னிட்டு, ஏற்கெனவே ஒருமுறை பயன் பெற்றவர்கள் வரிசையின் கடைசியில் வைக்கப்பட்டார்கள். அப்படிப் பயன் பெற்றவர் நாட்டிலேயே ஒருவர்தான்.

ஆறு வாரம் இதை அக்காவிடம் சொல்லாமல் ஒளிந்து திரிந்தேன். அதற்குள் துணிக்கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பை பிரமாதம், மாதம் ஒரு கன்டெய்னர் வேண்டும், உடனே பதில் போடவும் என்று. அக்கா பதில் போட முடியாமல் தவித்தாள். இரண்டாவது கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. வளையல் தீர்ந்த பிறகு, இருபத்து மூன்று பெண்களில் பதினான்கு பேரை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. மிச்சம் ஒன்பது பேருக்கு எங்கள் பிரிவின் ஒப்பீட்டு அறிக்கைக்கு உறை ஒட்டுகிற வேலையை நான்தான் வாங்கிக்கொடுத்தேன். அதையாவது செய்தேனே என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் பட்டறைக்குப் போனபோது அக்கா நேராகக் கேட்டுவிட்டாள். "என் முறை எப்படா வரும்?"

"பத்தாவது காலாண்டுக்கா."

"மனுஷன் பேசற மாதிரி பேசு."

"ரெண்டரை வருஷம்."

பசைத் தூரிகை என் தலைக்குமேல் பறந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அக்கா பேசினாள். இயக்குநரை, அம்புக்குறியாரை, அமைச்சரை, மச்சானை, மாமனாரை ஒருவர் விடாமல் கிழித்தாள். என்னையும் கிழித்தாள். ஆணையை டைப் அடித்தது நான்தான் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒன்பது பெண்களும் தலையைக் குனிந்து உறை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பேசி ஓய்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவனுக்கு?" என்றாள் திடீரென்று.

"எவனுக்கு?"

"அதான்டா, எதிர்க்கரையில என் கைப்பிடியைக் காப்பி அடிச்சவன். அங்கயும் வரிசைதானே? அவன் முறை எப்ப வருதாம்?"

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அங்கே வரிசை இருக்கிறதா என்பதே தெரியாது. ஆனால் பதினோரு வருஷம் ஒப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்த வாய்.

"நாலு வருஷம்" என்றேன்.

"நாலா?"

"நாலேகால்னும் சொல்றாங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பசை போடுகிற அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா களுக்கென்று சிரித்தாள். "நல்லா வேணும் அவனுக்கு!" என்றாள் அக்கா. மூன்று மாதத்துக்கும் மேலாக நான் பார்க்காத முகம் அது, அவ்வளவு நிறைவு. ஒன்பது பேரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் டீ சொல்லச் சொன்னாள். எனக்கும் சொன்னாள்.

மறுநாள் காலை படிவத்தில் காத்திருப்புக் காலம் என்று புதிதாக ஒரு வரி சேர்த்தேன். இடது கட்டத்தில் இரண்டரை. வலது கட்டத்தில் நாலேகால். பத்திரிகைகள் பெட்டி கட்டிப் போட்டன. நீங்களும் படித்திருப்பீர்கள், படித்துவிட்டு, பரவாயில்லை, நாம் தேவலை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். அந்த எண் உங்களுக்குப் போதவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐந்தாக மாற்றித் தருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.